அப்பா கட்டிலுக்கு மட்டும் கையுறை

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. திருப்பூரில் விடாத மழை. ரோடு எது, சாக்கடை எது என்று தெரியாமல் பைக்குகள் நீந்திக்கொண்டிருந்த சமயம். பல்லடம் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் என் அப்பாவைச் சேர்த்திருந்தோம். அங்கே நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். இவ்வளவு நாளாகியும் அது எனக்கு முழுசாக விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். வாய் கொஞ்சம் நீளம். லைனில் இருக்கிற பெண்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். தெரியாதது போல இருந்துகொள்வேன். கல்யாணமான புதிதில் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அம்மா போன பிறகு அப்பாவையும் இங்கேயே கூட்டி வந்துவிட்டேன். அவர் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. ஒரு நூல் குடோனில் வாட்ச்மேன் வேலையைத் தேடிக்கொண்டார். அங்கே காலில் ஆணி ஏறிவிட்டது. சர்க்கரை வேறு. வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன கிளினிக்கில் வாரக்கணக்காகக் கட்டு மாற்றியும் ஆறவில்லை. சுண்டுவிரல் கறுத்த பிறகுதான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம். விரலை எடுத்துவிட்டார்கள். இனி பாதத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் இங்கேயே தங்கி ஊசி போட்டாக வேண்டும், நடுவில் கிளம்பினால் காலே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த பயத்தோடுதான் நான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அங்கே கிடந்தேன்.

அடுத்த கட்டிலில் பல்லடத்துக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர். வயிற்றில் பெரிய ஆபரேஷன். துணைக்கு அவர் மனைவி. நான் அவர்களை அக்கா என்றேன், அவர்கள் என்னை அம்மிணி என்றார்கள். ஒருவர் மருந்து வாங்கக் கீழே போனால் மற்றவர் இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொள்வது வார்டில் எழுதாத சட்டம். பெரியவரைத் திருப்பிப் படுக்க வைக்க நான் தோள் கொடுப்பேன். அப்பாவுக்கு வெந்நீர் அக்கா பிடித்துவருவார். அவர்கள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும் இட்லியில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கு இருக்கிறது. எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெரு ஆட்களுக்குத் தனி டம்ளர். அப்பா இளவயது முழுக்க அதில்தான் குடித்தார், குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்தார். திருப்பூருக்கு வந்து இறங்கிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இங்க எல்லாருக்கும் ஒரே டம்ளரா தாயி?" என்பதுதான். அப்பேர்ப்பட்ட மனுஷர் அக்காவின் பாத்திரத்திலிருந்து தானே கையைவிட்டு இன்னொரு இட்லியை எடுத்ததைப் பார்த்தபோது, பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் ஒரு சாயங்காலம், தரை துடைக்க வந்த ஆயாம்மா பேச்சுவாக்கில், "தெக்கத்தி ஆளுங்களா? ஊருக்குள்ளீங்களா, காலனீங்களா?" என்று கேட்டார். மழை வருமா வராதா என்று கேட்கிற குரல்தான், அதில் வேறொன்றும் இல்லை. நான், "டவுனுங்க" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் காலையில் எல்லாம் மாறியது.

பிரஷர் பார்க்க வந்த சின்ன சிஸ்டர், அப்பா கட்டிலுக்கு வருமுன் நின்று நீளமான ஒரு அங்கியை மாட்டினார். கையுறை போட்டார். பார்த்து முடித்ததும் இரண்டையும் கழற்றி மஞ்சள் கூடையில் போட்டுவிட்டு, கையில் மருந்தைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பெரியவரைப் பார்க்க அங்கியும் இல்லை, கையுறையும் இல்லை. வெறும் கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கட்டில் கால்மாட்டில் ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டார்கள். அவருக்கென்று தனியாக ஒரு பிரஷர் பட்டை வந்தது. தனித் தெர்மாமீட்டர், தனி பேசின். நடுவிலிருந்த திரையை இழுத்துவிட்டார்கள். தினமும் முதல் ஆளாக அப்பாவுக்குத்தான் கட்டு மாற்றுவார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் போட்டு முடித்துக் கடைசியாகத்தான் எங்களிடம் வந்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க சிஸ்டர் இதெல்லாம்?" என்றேன்.

"ரிப்போர்ட் வந்திருக்குங்க. ரூல்ஸுங்க" என்றார்.

"என்ன ரிப்போர்ட்?"

"டாக்டர் சொல்லுவாருங்க."

டாக்டர் வந்தார். கூட வந்த சின்ன டாக்டர்களிடம் இங்கிலீஷில் என்னவோ மளமளவென்று சொன்னார். என்னிடம், "ஒண்ணும் பயப்பட வேண்டாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் நமக்கு அப்போதுதானே பயமே வரும்!

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "கொரோனாவா இருக்குமோ?" என்றார். கொரோனா என்றால் மூஞ்சிக்கல்லவா மாஸ்க் போடுவார்கள்? இவர்கள் மூஞ்சியைத் திறந்து போட்டுவிட்டுக் கையை மூடுகிறார்கள். டி.பி.யா என்றால் அதற்கும் மாஸ்க்தான். அப்பாவுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. புண்கூட முன்னைக்குப் பரவாயில்லை என்று முந்தின நாள்தான் சொன்னார்கள். பிறகு எதற்கு இந்தத் தனிப் பட்டை, தனி பேசின், கடைசிக் கட்டு? எப்படி யோசித்தாலும் மனசு ஆயாம்மாவின் கேள்வியில்தான் போய் முட்டியது. ஒருவேளை நான் சொன்ன பொய்யை நம்பவில்லையோ? அட, படித்தவர்கள் இருக்கிற இடத்தில் அப்படியும் நடக்குமா என்று நானே கேட்டுக்கொள்வேன். ஏன் நடக்காது என்று நானே பதிலும் சொல்லிக்கொள்வேன்.

அக்கா நீட்டிய இட்லியை அப்பா, "பசிக்கலை" என்று தள்ளிவிட்டார்.

மதியத்துக்கு முன்னால் அக்கா மருந்துக் கடைக்குக் கீழே போயிருந்தார். நான் அப்பாவின் காலைத் தூக்கித் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தேன். கட்டெல்லாம் கசிந்து ஈரமாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து பெரியவர், "அம்மிணி, துளி தண்ணி குடுங்க" என்றார். அப்படியே போய் அவருடைய டம்ளரை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, அவர் தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன்.

வாசலில் இருந்து சின்ன சிஸ்டர் கத்தினார். "ஏனுங்க, அவருக்கு நீங்க தண்ணி குடுக்காதீங்க! டம்ளரக் கீழ வைங்க! அந்தக் கட்டிலுக்கு நீங்க போவக்கூடாதுங்க!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் கை டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டது.

திரையின் இந்தப் பக்கம் வந்தபோது அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டிருந்தார். காலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது.

"துணிமணிய எடுத்து வை தாயி. போவோம்."

"எங்கப்பா போறது? கால் என்னாகும்?"

"கால் போனாப் போவட்டும். போவோம்."

சத்தமே போடாமல் சொன்னார். ஊரில் அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. இப்படித்தான், எழுந்து போய்விடுவார். ஆனால் இந்தத் தடவை எழுந்து போனால் கால் போகும்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. சின்ன சிஸ்டரிடம் பாய்ந்தேன். "எதுக்குங்க நான் தண்ணி குடுக்கக் கூடாது? சொல்லுங்க, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க!"

அந்தப் பெண் மிரண்டுவிட்டது. "நான் என்னங்க தப்பாச் சொன்னேன்? இன்பெக்சனுங்க..."

"எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்!"

"தெரியலீங்க! சத்தியமாத் தெரியலீங்க!"

அதோடு நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் சண்டையை மேலே கொண்டுபோக வேண்டுமானால் நாங்கள் யார் என்பதை என் வாயால் அந்த வார்டில் நானே சொல்ல வேண்டும். காலனி இல்லை, டவுன் என்று பொய் சொன்னவள் நான். லைனில் நின்றால் கம்பெனியே அதிரப் பேசுகிறவளுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் துணிவு வரவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்க்க, நான் அந்தப் பெண்ணைப் பார்க்க, இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நின்றோம்.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் தோளைத் தொட்டார்.

"இதுக்கா கண்ணு இத்தனை சத்தம்? எங்க பண்ணையில ஒரு ஷெட்டுல கோழிக்குச் சீக்குன்னா, அங்க போனவங்கள அடுத்த ஷெட்டுக்கு உடமாட்டோமுங்க. மருந்துத் தண்ணியில கால நனைச்சு, செருப்ப மாத்திப்போட்டுத்தான்..."

"எங்கப்பா என்ன கோழிங்களா?" என்று அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஐயோ சாமி, நான் அப்படிச் சொல்லலியே. என்ற சொந்தப் பையனே வந்தாலும் அதேதானுங்க..." என்றவர் மருந்துப் பையோடு பெரியவரிடம் போய்விட்டார். அவருக்கு நான் ஏன் கொதிக்கிறேன் என்பது புரியவில்லை. அவர் ஏன் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார் என்பது எனக்கும் புரியவில்லை.

சின்ன சிஸ்டர் ஓடிப்போய் ஒரு பெரிய சிஸ்டரைக் கூட்டிவந்தார். ஆஸ்பத்திரியில் யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை, நோய் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் இவருடைய வேலையாம். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பேச்சை வைத்துப் பார்த்தால் அவரும் தெற்கத்திக்காரர். அங்கியை மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்து அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். முதலில் தொங்கின காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்பா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவர் விடவில்லை.

"ஐயா, ஒங்ககிட்ட முன்னாலயே உக்காந்து சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு. ஒங்க புண்ணுல ஒரு கிருமி இருக்கு. சாதாரண மருந்துக்கு அது சாவாது. அதுக்குத்தான் இப்ப வேற ஊசி போடுதோம். காத்துல பறக்காது, கையில ஏறித்தான் அடுத்த ஆளுக்குப் போவும். பக்கத்துக் கட்டில்ல வயித்தத் தெறந்து தச்சிருக்கு. அவருக்குப் போயிட்டா உசுருக்கே ஆபத்து."

"அதுக்கு ஒங்களுக்கு எதுக்கு உறை?" என்றார் அப்பா. "என்னைத் தொட்டா ஒங்களுக்கு ஆவாதாக்கும்?"

"எங்களுக்காகப் போடல ஐயா. ஒங்களத் தொட்ட கையோட நாங்க இன்னொருத்தரத் தொட்டுரக் கூடாதுன்னு போடுதோம். இந்த உறைய இங்கனயே கழத்திப் போட்டுட்டுக் கையக் கழுவிட்டுத்தான் நகரணும். கட்டு கடைசியாப் போடுறதும் அதுக்குத்தான். ஒங்க மக ஈரக் கட்டத் தொட்ட கையோட அங்க போனாங்க. அதப் பாத்துட்டுத்தான் இந்தப் பொண்ணு கத்திருச்சு. மொதல்ல கையக் கழுவுங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். பார்க்க ஒன்றும் தெரியவில்லை. எத்தனை தடவை அந்தப் பெரியவரைத் தூக்கியிருப்பேன், அவர் போர்வையை இழுத்துவிட்டிருப்பேன் என்று நினைத்ததும் அந்தக் கைகளை எதன் மேலும் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அப்படியென்றால் ஆயாம்மா கேட்டதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இல்லை என்று புத்தி சொன்னது. மனசு உடனே கேட்கவில்லை. நாற்பது வயசு மனசு ஒரு ஸ்டூல் பேச்சில் திரும்பிவிடுமா என்ன!

அப்போது அப்பா எனக்குத் தூக்கிவாரிப் போடுகிற மாதிரி ஒன்றைக் கேட்டார்.

"இது பொறப்புலயே எனக்கு இருந்துச்சா?"

பெரிய சிஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு கேள்வியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். காலைப் பிடித்திருந்த கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

"இல்ல ஐயா. பொறப்புல வர்றது இல்ல இது. யாரோ ஒருத்தரு கையக் கழுவாம ஒங்களத் தொட்டிருக்காங்க. முன்னால கட்டுப் போட்ட எடத்துலயும் இருக்கலாம், எங்க ஆஸ்பத்திரியிலயும் இருக்கலாம். எங்கனன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

அப்பா என் பக்கம் திரும்பினார். "கேட்டியா தாயி? என்னை வேற ஆளு தொட்டு வந்த தீட்டாம்ல இது!" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமாக, உடம்பு குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். சின்ன சிஸ்டரும் பயம் தெளிந்து சிரித்தது. திரைக்கு அந்தப் பக்கம் பெரியவர்கூட, எதற்கென்று தெரியாமலே, "என்னங்க, என்னங்க?" என்று சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன். அப்பா உண்மையில் சிரித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

துணிமணியை நான் எடுத்து வைக்கவில்லை. அப்பாவும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கையை எப்படிக் கழுவ வேண்டும் என்று பெரிய சிஸ்டர் எனக்குக் காட்டிக்கொடுத்தார். விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி என்று ஒவ்வொன்றாக. இத்தனை வருடம் நான் கழுவியதெல்லாம் கழுவலே இல்லை போல. சின்ன சிஸ்டரிடம் போய், "மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "நீங்களும்தானுங்க" என்றது அந்தப் பெண்.

அன்று சாயங்காலமே அப்பாவைத் தனி அறைக்கு மாற்றினார்கள். பக்கத்துப் பெரியவரிடமிருந்தும் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் முடிவு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு ஒன்றும் ஒட்டவில்லை என்று தெரிந்தபோது, இருக்கிற சாமிக்கெல்லாம் கும்பிடு போட்டேன். அப்பாவின் பாதமும் மெல்ல மெல்லப் பிழைத்துக்கொண்டது.

பெரியவருக்குத் தையல் பிரித்து, வீட்டுக்குக் கிளம்புகிற நாள் வந்தது. அக்கா சொல்லிக்கொண்டு போக எங்கள் அறைக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார்.

நான் வாங்க என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா கையை உயர்த்திவிட்டார்.

"வேண்டாம் தாயி. அங்கனயே நில்லுங்க."

சொன்ன உடனே அவர் முகம் மாறிவிட்டது. பதறிப்போய், "தப்பா எடுத்துக்கிடாதீங்க. கிருமி இன்னும் போகல. ஒங்க வீட்டய்யாவுக்கு வயித்துப் புண்ணு இன்னும் பச்சை. நீங்க உள்ள வந்து இதையும் அதையும் தொட்டுட்டுப் போயி அவரத் தொட்டா... வேற ஒண்ணும் இல்ல, அதுக்குத்தான் சொல்லுதேன்" என்று விளக்கினார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப, வேறு வேறு விதமாக.

"அதுக்கென்னங்க, நிக்கிறனுங்க" என்றார் அக்கா. தோட்டமும் பண்ணையும் உள்ள அந்த அம்மா வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டும், என் அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்துகொண்டும் மழையைப் பற்றியும் காலைப் பற்றியும் பேசினார்கள். அக்காவுக்கு அதில் ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. கிளம்பும்போது அங்கிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் அப்பா ரொம்ப நேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் வலிக்கிறதோ என்று பக்கத்தில் போனேன்.

"ஒரு ஆள வெளிய நிறுத்துறது எம்புட்டுக் கஷ்டமா இருக்கு தாயி," என்றார். "காரணத்தோட ஒருநா நிறுத்தவே எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிடுது. ஒரு காரணமும் இல்லாம நம்மள தெனமும் நிறுத்தினாங்களே, அவங்களுக்கு அது எப்படி முடிஞ்சுது?"

கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்று இப்போது யார் கேட்டாலும் என்னால் விளக்கிவிட முடியும். அப்பா அன்றைக்குக் கேட்டதற்குத்தான் அவருக்குச் சொல்ல ஒரு பதில் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.